இயந்திரத்துக்குள் இயந்திரம்: மெய்நிகராக்க வரலாற்றில் மேசைக்கணினி இயங்குதளத்தின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

மெய்நிகராக்கத்தின் வரலாறு பெரும்பாலும் வழங்கிக் கணினிகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. குறைந்த வன்பொருளில் மிகுந்த வேலை வாங்கும் சிக்கன உத்தியாக அது தோன்றியது, மெய்நிகர் இயந்திரத்தில் தொடங்கிக் கொள்கலனில் வந்து நின்றது என்பதே அவ்வரலாற்றின் பொதுப்போக்கு. 1964 முதல் 2019 வரையிலான சில முதன்மைக் கட்டங்களை மீளாய்வு செய்யும் இக்கட்டுரை, அவ்வரலாற்றின் திருப்பங்கள் பலவற்றுக்குத் தனியொருவர் தம்முன் வைத்துப் பயன்படுத்தும் இயங்குதளமே உந்துவிசையாக இருந்தது என்றும், கொள்கலன் மெய்நிகர் இயந்திரத்தை அகற்றிவிடவில்லை என்றும் நிறுவ முயல்கிறது. பழைய இயங்குதளங்களில் மட்டுமே முழுமையாகத் திறக்கக்கூடிய தமிழ்க் கோப்புகளைக் காப்பதில் இவ்வேறுபாட்டுக்குள்ள பொருத்தமும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் இயந்திரம், கொள்கலன், இயங்குதளம், விஎம்வேர், கேவிஎம், எண்மப் பாதுகாப்பு, தமிழ் எழுத்துரு

முன்னுரை

லினக்ஸ் கணினி ஒன்றில் ஒரேயொரு கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால், இணைய உலாவியின் சாளரத்துக்குள் விண்டோஸ் இயங்குதளத்தின் முகப்புத்திரை தோன்றுவதை இன்று காணலாம். மென்பொருள் வல்லுநர்கள் இதனைக் ‘கொள்கலனுக்குள் விண்டோஸ்’ என்பர். பெயர் எளிமையானது, ஆனால் துல்லியமானதன்று. அக்கொள்கலனுக்குள் நேரடியாக இயங்குவது விண்டோஸ் அன்று. எமுலேட்டர் எனப்படும் போலச்செய் மென்பொருள்களுள் ஒன்றான கியூஎமு. அது முழுக் கணினி ஒன்றை மென்பொருளால் உருவாக்குகிறது. அவ்வாறு உருவான கணினியில்தான் விண்டோஸ் ஏறி இயங்குகிறது. அதாவது, கொள்கலனுக்குள் ஒரு மெய்நிகர் இயந்திரம். அதற்குள் ஓர் இயங்குதளம்.

ஏன் இந்த இரட்டை உறை? விடை, இரு சொற்களின் பொருள் வேறுபாட்டில் உள்ளது. மெய்நிகர் இயந்திரம் வன்பொருளையே படியெடுத்துக் காட்டுவது. அதில் ஏறும் இயங்குதளம் தன் கெர்னலைத் தானே கொண்டுவருகிறது. கெர்னல் என்பது வன்பொருளோடு நேரே உறவாடும் உட்கரு. கொள்கலனோ தனக்கென ஒரு கெர்னலைக் கொண்டிருப்பதில்லை. தான் இருக்கும் கணினியின் கெர்னலையே பிற கொள்கலன்களோடு பகிர்ந்துகொண்டு, கோப்புகளையும் பிணையத்தையும் மட்டும் தனக்கென்று தனியே வைத்துக்கொள்கிறது. முன்னது தனித்தனி வீடுகள் போன்றது. பின்னது ஒரே அடுப்பில் சமைத்து வெவ்வேறு அறைகளில் வாழும் கூட்டுக்குடும்பம் போன்றது. லினக்ஸ் என்னும் அடுப்பில் விண்டோஸின் சமையல் நடவாது. எனவே விண்டோஸ் தன் அடுப்பையும் உடன் கொண்டே அவ்வறைக்குள் நுழைய வேண்டியுள்ளது.

ஆயினும் அண்மைக்கால அறிமுக நூல்கள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகளாகவே காட்டப்படுகின்றன. அவ்வேணி உருவகம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆளுக்கொரு கணினி: கேம்பிரிட்ஜ், 1964–1972

1960களின் தொடக்கத்தில் கணினி என்பது பலர் முறைவைத்துப் பயன்படுத்தும் பொருளாகவே இருந்தது. துளையட்டைக் கட்டினைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருப்பதே வழக்கம். எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் 1961இல் செய்துகாட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு முறை, ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் உரையாடிப் பயன்படுத்த இயலும் என மெய்ப்பித்தது. ஆனால் 1964 ஏப்ரலில் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், நேரப்பகிர்வுக்கு வேண்டிய நினைவக முகவரிப் பெயர்ப்பு வசதி இடம்பெறவில்லை. எம்.ஐ.டி. தன் அடுத்த பெருந்திட்டமாகிய மல்டிக்ஸுக்கு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கணினியைத் தேர்ந்துகொண்டது. ஐபிஎம்முக்கு இது கௌரவத் தோல்வி.

அந்தத் தோல்விக்கு மறுமொழி, நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து வரவில்லை. நார்மன் ராஸ்முசென் 1964இல் நிறுவிய கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் என்னும் சிறு குழுவிடமிருந்து வந்தது. சிடிஎஸ்எஸ் பணியில் அனுபவம் பெற்றிருந்த ராபர்ட் கிரீஸியும் லெஸ் கோமோவும் அங்கு சிபி-40 என்னும் கட்டுப்பாட்டு நிரலை வடிவமைத்தனர். சிஸ்டம்/360 வரிசையின் 40ஆம் மாதிரியில் தனியே ஒரு முகவரிப் பெயர்ப்புக் கருவியைப் பொருத்தி அதனை இயக்கினர். 1967 ஜனவரியில் அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணினி, 256 கிலோபைட் நினைவகம் கொண்ட 14 கணினிகளாகத் தோற்றமளித்தது.

இவ்வடிவமைப்பின் நுட்பம் வேலைப் பிரிவினையில் உள்ளது. கணினியைப் பங்கிடும் பொறுப்பு முழுவதும் சிபி நிரலுக்கு உரியது. பயனரோடு உரையாடும் பொறுப்பு, ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்திலும் தனித்தனியே ஏறியிருந்த சிஎம்எஸ் என்னும் சிறு இயங்குதளத்துக்கு உரியது. சிஎம்எஸ் ஒரேயொரு பயனருக்காக எழுதப்பட்டது. உலகில் தன்னையும் தன் பயனரையும் தவிர வேறு யாரும் இல்லை என்பதே அதன் நம்பிக்கை. பிறரிடமிருந்து ஒருவரைக் காக்கும் சுமை அதற்கு இல்லாததால் அது எளிமையாகவும் விரைவாகவும் அமைந்தது. தனியாள் கணினி என்ற பொருள் சந்தைக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, தனியாள் இயங்குதளம் என்ற கருத்து இவ்வாறு நடைமுறை கண்டது.

பயனர் ஒருவர் மற்றொருவருக்குக் கோப்பு அனுப்பிய முறை சுவையானது. அவர் தம் மெய்நிகர் துளையட்டைப் பொறியில் அட்டைகளைத் ‘துளையிடுவார்’. அவை மற்றவரின் மெய்நிகர் அட்டைப் படிப்பானில் சென்று விழும். உண்மையில் ஓர் அட்டையும் துளையிடப்படுவதில்லை. போலிசெய்யப்படும் இயந்திரம் தன் காலத்துப் பழக்கங்களையும் சேர்த்தே போலிசெய்கிறது.

சிபி-40இன் வழித்தோன்றலான சிபி-67, எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் போன்ற இடங்களில் வரவேற்புப் பெற்றது. ஐபிஎம்மின் அதிகாரப்பூர்வ நேரப்பகிர்வு இயங்குதளமான டிஎஸ்எஸ்/360 தொல்லைகளில் சிக்கிக்கிடந்த காலம் அது. 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்ற பெயரில் மெய்நிகர் இயந்திரம் முறையான விற்பனைப் பொருளாயிற்று. மெய்நிகராக்கம் வன்பொருட் சிக்கனத்துக்காகவே பிறந்தது என்னும் கூற்று இக்கட்டத்திலேயே தளர்கிறது. வன்பொருள் விலை ஒரு காரணமே. ஆயினும் வடிவமைப்பைத் தீர்மானித்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கணினியின் உரிமையை வழங்கவேண்டும் என்னும் நோக்கம்.

1974: ஒரு தேற்றமும் ஒரு விதிவிலக்கும்

ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபர்க் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கட்டுரை, மெய்நிகர் இயந்திரக் கண்காணிப்பான் நிறைவுசெய்ய வேண்டிய மூன்று பண்புகளை வரையறுத்தது. கட்டளைகளுள் மிகப் பெரும்பான்மை கண்காணிப்பானின் தலையீடின்றி நேரே வன்பொருளில் இயங்கவேண்டும்; வளங்கள் அனைத்தும் கண்காணிப்பானின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும்; உள்ளே இயங்கும் நிரல், உண்மைக் கணினியில் நடந்துகொள்வது போலவே நடந்துகொள்ளவேண்டும். மூன்றாவதே சமன்மை எனப்படுவது.

இவற்றோடு அவர்கள் ஒரு தேற்றத்தையும் நிறுவினர். கணினியின் நிலையை மாற்றக்கூடிய அல்லது வெளிப்படுத்தக்கூடிய நுண்ணுணர்வுக் கட்டளைகள் அனைத்தும், உரிமையற்ற நிரல் பயன்படுத்த முயலும்போது தடுத்து நிறுத்தப்படும் கட்டளைகளாகவும் இருந்தால், அக்கணினியை மெய்நிகராக்க இயலும். தடுத்து நிறுத்தப்பட்டால்தான் கண்காணிப்பான் குறுக்கிட்டு, அதற்குரிய விடையைத் தானே வழங்க முடியும்.

சமன்மைக்கு அவர்கள் வகுத்த விதிவிலக்கு ஒன்றை, இக்கட்டுரையைச் சுட்டுவோர் பலர் கடந்துசென்றுவிடுகின்றனர். செயலுக்கு ஆகும் நேரமும் கிடைக்கும் வளத்தின் அளவும் சமன்மைக்குள் அடங்கா. மெய்நிகர் இயந்திரத்தில் காலம் வேறுவிதமாக ஓடலாம். இவ்விதிவிலக்கின் விளைவு 1990களின் மேசைக்கணினி இயங்குதளத்தில் வெளிப்பட்டது. அது பின்னர் விளக்கப்படும்.

தேற்றத்துக்குப் பணியாத நுண்செயலி

1981இல் ஐபிஎம் தனியாள் கணினி வந்தபின் மெய்நிகர் இயந்திரத்தின் தேவை மங்கியது. எதனைப் போலிசெய்ய அது தோன்றியதோ, அதுவே மலிவான உண்மைப் பொருளாக மேசைமீது வந்து அமர்ந்துவிட்டது. அக்கணினிகளில் நிலைபெற்ற எக்ஸ்86 நுண்செயலி வரிசையோ மேற்கண்ட தேற்றத்துக்குப் பணியாதது. அதன் பாப்எஃப் என்னும் கட்டளை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. குறுக்கீடுகளை ஏற்பதா மறுப்பதா என்பதைக் குறிக்கும் துணுக்கினை உரிமையற்ற நிரல் ஒன்று இக்கட்டளையால் மாற்ற முயன்றால், நுண்செயலி அதனைத் தடுப்பதுமில்லை, நிறைவேற்றுவதுமில்லை, ஓசையின்றிப் புறக்கணித்துவிடுகிறது. கண்காணிப்பானுக்குச் செய்தியே போவதில்லை. இத்தகைய கட்டளைகள் பென்டியம் நுண்செயலியில் 17 உள்ளன என ஜான் ராபின், சிந்தியா இர்வின் ஆகியோர் 2000இல் பட்டியலிட்டனர்.

இடைப்பட்ட காலத்திலும் மேசைக்கணினியின் தேவை ஓயவில்லை. இன்டெல் 1985இல் வெளியிட்ட 80386 நுண்செயலியில் பழைய 8086ஐப் போலிசெய்யும் தனிநிலை ஒன்று சேர்க்கப்பட்டது. அதனைப் பயன்படுத்தி 1987இல் வந்த விண்டோஸ்/386, பல டாஸ் நிரல்களை ஒரே வேளையில் இயக்கியது. ஒவ்வொரு டாஸ் நிரலும் முழுக் கணினியும் தனதே என்று எண்ணிக்கொண்டது. ஆப்பிள் மெக்கின்டாஷில் விண்டோஸை இயக்கும் வெர்ச்சுவல் பிசி மென்பொருளைக் கனெக்டிக்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்டது. வெவ்வேறு நுண்செயலி ஆதலால் ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்தாக வேண்டிய நிலை, வேகம் குறைந்தது.

விஎம்வேரும் மேசைக்கணினியும்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்ப்ளம், எட்வார்ட் புனியோன், ஸ்காட் டிவைன் ஆகியோர் 1997இல் டிஸ்கோ என்னும் ஆய்வுத்திட்டத்தை வெளியிட்டனர். பல நுண்செயலிகள் கொண்ட பெருங்கணினியில் பொதுப்பயன் இயங்குதளங்களை மெய்நிகர் இயந்திரங்களாக இயக்குவதே அதன் நோக்கம். ஆனால் அவர்கள் டயான் கிரீன், எலன் வாங் ஆகியோரோடு சேர்ந்து 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் முதலில் விற்றது பெருங்கணினிக்கான பொருளை அன்று. 1999இல் வெளிவந்த அதன் முதற்படைப்பு, மேசைக்கணினியில் ஓர் இயங்குதளத்துக்குள் மற்றோர் இயங்குதளத்தைச் சாளரமாகத் திறந்துகாட்டும் மென்பொருள். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் என்ற பெயரால் அது நிலைபெற்றது. லினக்ஸில் பணியாற்றும் நிரலாளர் ஒருவர், அலுவலகக் கோப்புகளுக்காக மட்டும் கணினியை அணைத்து விண்டோஸில் மீண்டும் தொடங்கும் தொல்லையிலிருந்து விடுபட்டார்.

தேற்றம் அடைத்த வழியை அவர்கள் சுற்றிச்சென்றனர். உள்ளே இயங்கும் பயன்பாட்டு நிரல்கள் நேரே வன்பொருளில் ஓடின. தொல்லைதரும் கட்டளைகள் புழங்கும் கெர்னல் பகுதி மட்டும், இயங்கும்போதே துண்டுதுண்டாகப் பாதுகாப்பான கட்டளைகளாக மொழிபெயர்க்கப்பட்டது. மெக்கின்டாஷுக்கான வெர்ச்சுவல் பிசி முழு நூலையும் மொழிபெயர்த்தது என்றால், விஎம்வேர் தொல்லைதரும் பக்கங்களை மட்டும் மொழிபெயர்த்தது. ராபின்–இர்வின் பட்டியல் வெளிவந்தபோது இம்மென்பொருள் ஏற்கெனவே விற்பனையில் இருந்தது. தேற்றம் பொய்க்கவில்லை, அது பேசிய வழியில் இவர்கள் செல்லவில்லை, அவ்வளவே.

இரண்டாவது முடிவும் மேசைக்கணினியின் இயல்பிலிருந்தே வந்தது. ஐபிஎம் பெருங்கணினியின் உறுப்புகள் அனைத்தும் ஒரே நிறுவனத்தின் படைப்பு. தனியாள் கணினியிலோ வட்டு ஒருவருடையது, ஒலியட்டை மற்றொருவருடையது, திரையட்டை வேறொருவருடையது. அவற்றுக்கெல்லாம் இயக்கி நிரல்கள் எழுதுவது ஒரு சிறு நிறுவனத்தால் ஆகாத காரியம். ஆகவே விஎம்வேர், ஏற்கெனவே இருக்கும் இயங்குதளத்தின்மேல் விருந்தாளிபோல் அமர்ந்து அதன் இயக்கிகளையே பயன்படுத்திக்கொண்டது. உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கோ, பலரும் அறிந்த சில பழைய சாதனங்களையே காட்டியது. ஏஎம்டி நிறுவனத்தின் பரவலான பிணைய அட்டை ஒன்று அவற்றுள் அடங்கும். விண்டோஸிடம் அதற்கான இயக்கி முன்பே இருந்தது. இதன் விளைவு தொலைநோக்குடையது: உண்மை வன்பொருள் எதுவாயினும் உள்ளிருக்கும் இயங்குதளத்துக்கு அது தெரியாது. வன்பொருள் மாறினாலும் அதே வட்டுப்படிமத்தை வேறு கணினியில் ஏற்றிவிடலாம்.

வழங்கிகளுக்கான பதிப்புகள் 2001இல்தான் வந்தன. தரவு மையங்களை ஆண்ட தொழில்நுட்பம், எக்ஸ்86 உலகில் மேசையிலிருந்து வழங்கிக்குச் சென்றதேயன்றி வழங்கியிலிருந்து மேசைக்கு வரவில்லை.

கேவிஎம்: மறக்கப்பட்ட நோக்கம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் வெளியான ஸென், வேறொரு வழியைத் தேர்ந்தது. தொல்லைதரும் கட்டளைகளை மொழிபெயர்ப்பதற்கு மாறாக, இயங்குதளத்தின் மூலநிரலையே திருத்தி, தான் மெய்நிகர் இயந்திரத்தில் இருப்பதை அதற்கு உணர்த்தியது. லினக்ஸுக்கு இது பொருந்தியது. விண்டோஸ் எக்ஸ்பியையும் இவ்வாறு திருத்தும் முயற்சி தொடங்கப்பட்டது. ஆனால் மூலநிரல் மூடப்பட்ட ஓர் இயங்குதளத்தைப் பிறர் திருத்தி வழங்க வழியில்லை. திருத்தப்படாத விண்டோஸ் இயங்கவேண்டுமெனில் நுண்செயலியே மாறியாக வேண்டும். இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் மெய்நிகராக்கத்துக்கான துணைவசதியை நுண்செயலியில் சேர்த்தன. போபெக்–கோல்டுபர்க் நிபந்தனை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் எக்ஸ்86இல் நிறைவேறியது.

இவ்வசதியை லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே பயன்படுத்திய கேவிஎம், 2006 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இன்று மேகக் கணிமை வழங்குநர்கள் பலர் இதன்மீதே தங்கள் வணிகத்தை நடத்துகின்றனர். ஆகவே இதனை வழங்கிகளுக்காகப் பிறந்த மென்பொருள் எனக் கருதுவது இயல்பு. அது பிழை. கேவிஎம்மை உருவாக்கிய ஆவி கிவிட்டி பணியாற்றியது குமுரானெட் என்னும் இஸ்ரேலிய நிறுவனத்தில். அந்நிறுவனம் விற்க முனைந்தது மெய்நிகர் மேசைக்கணினியை: அலுவலக ஊழியரின் விண்டோஸ் திரையைத் தரவு மையத்தில் இயக்கி, பிணையத்தின் வழியாக அவர் மேசைக்கு அனுப்பும் ஏற்பாடு. திரையின் படத்தையும் ஒலியையும் எடுத்துச்செல்ல ஸ்பைஸ் என்ற நெறிமுறையையும் அவர்களே வகுத்தனர். 2008இல் ரெட் ஹேட் அந்நிறுவனத்தை வாங்கியது. மேசைக்கணினி வணிகம் பின்னுக்குச் சென்றது; அதற்காக எழுதப்பட்ட அடித்தளம் உலகெங்கும் பரவியது. வெற்றிபெற்ற பயன்பாட்டைத் தொடக்க நோக்கமாக எண்ணிவிடும் பிழை, தொழில்நுட்ப வரலாற்றில் அரிதன்று.

கொள்கலனும் அதன் எல்லையும்

கொள்கலனின் மரபு வேறு. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் சிஹெச்ரூட் அழைப்பு, ஒரு நிரலுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையையே முழு மரமாகக் காட்டியது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டியின் ஜெயில், 2005இல் சோலாரிஸ் 10இன் மண்டலங்கள், 2008இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த சிகுரூப் வளக்கட்டுப்பாடு என அது வளர்ந்து, 2013இல் டாக்கர் வழியாகப் புகழ்பெற்றது. இவ்வரிசையில் எங்கும் மேசைக்கணினி இயங்குதளம் முதன்மை பெறவில்லை. நிரல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதும், அவற்றின் சார்புக்கோப்புகளைக் கட்டித் தருவதுமே கொள்கலனின் பணி. மெய்நிகர் இயந்திரம் ‘இயந்திரம் எது?’ என்று கேட்கிறது. கொள்கலன் ‘நிரலுக்குக் கண்ணில் படவேண்டியது எது?’ என்று கேட்கிறது. வினாக்கள் வேறாதலால் ஒன்றின் விடை மற்றொன்றை அகற்றுவதில்லை.

மேசைக்கணினியில் இவை ஒன்றையொன்று தழுவியே காணப்படுகின்றன. 2016இல் மேக், விண்டோஸ் கணினிகளுக்கு வெளிவந்த டாக்கர், லினக்ஸ் கெர்னலைப் பெறுவதற்காகத் திரைமறைவில் ஒரு சிறு மெய்நிகர் இயந்திரத்தை இயக்கியது. கொள்கலன் அதற்குள்ளேதான் இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2009இல் விண்டோஸ் 7இன் சில பதிப்புகளுக்கு வழங்கிய எக்ஸ்பி மோடு, பழைய நிரல்களைக் கைவிட இயலாத அலுவலகங்களுக்காக விண்டோஸ் எக்ஸ்பியை முழுமையாக மெய்நிகர் இயந்திரத்தில் தந்தது. 2019இல் விண்டோஸ் 10இல் சேர்ந்த விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், கொள்கலன் நுட்பத்தையும் மெய்நிகர் இயந்திரத்தையும் இணைத்தது. அது வெளிக்கணினியின் கோப்புகளையே பகிர்ந்துகொள்வதால் இடம் மிகுதியாகக் கொள்வதில்லை. தனிக் கெர்னலோடு இயங்குவதால் தனிமையும் கிட்டுகிறது. மூடியவுடன் உள்ளிருந்த அனைத்தும் அழிந்துவிடுகின்றன.

முன்னுரையில் கண்ட ‘கொள்கலனுக்குள் விண்டோஸ்’ இவ்வரிசையில் சேர்வது. கேவிஎம்முக்கான சாதனக்கோப்பு கொள்கலனுக்குள் அனுமதிக்கப்படுகிறது. உள்ளே கியூஎமு அதனைப் பற்றிக்கொண்டு மெய்நிகர் இயந்திரத்தைத் தொடங்குகிறது. திரை உலாவிக்கு அனுப்பப்படுகிறது. கொள்கலன் இங்கு உறை மட்டுமே. தேவையான மென்பொருள்களைச் சரியான பதிப்புகளில் ஒருங்கே கட்டித்தந்து, ஒரே கட்டளையில் தொடங்கவைப்பது அதன் பங்கு. ஆனால் கேவிஎம் இல்லாத கணினியில் அவ்வுறைக்குள் கியூஎமு ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துத் தள்ளாட வேண்டியதுதான்.

ஆவணமாகும் இயங்குதளம்

இவ்வேறுபாடு ஆவணக்காப்பகத்தில் பெரும் பொருள் பெறுகிறது. எண்மக் கோப்பு ஒன்றினைக் காப்பதற்கு அதனைப் புதிய வடிவுக்கு மாற்றிக்கொண்டே செல்வது போதாது, அதனை உருவாக்கிய சூழலையே போலிசெய்து காக்கவேண்டும் என ஜெஃப் ரோத்தன்பர்க் 1990களில் வாதிட்டார். அன்று அது மிகையான எதிர்பார்ப்பாகத் தோன்றியது. 2010இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம், எழுத்தாளர் சல்மான் ருஷ்டியின் ஆவணங்களைப் பொதுப்பார்வைக்குத் திறந்தபோது, அவருடைய மெக்கின்டாஷ் கணினி ஒன்றின் சூழலையே எமுலேட்டரில் ஆய்வாளர்க்கு வழங்கியது. கோப்புகளின் உள்ளடக்கம் மட்டுமன்றி, அவற்றை அவர் எக்கோப்புறைகளில் எவ்வாறு அடுக்கியிருந்தார் என்பதும் ஆய்வுப்பொருளாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணன் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் வழிநடத்திய ஆலிவ் திட்டம், பழைய இயங்குதளங்களை மெய்நிகர் இயந்திரப் படிமங்களாகச் சேமித்து, வேண்டும் பகுதியை மட்டும் இணையவழி அனுப்பி இயக்கியது.

தமிழ் ஆய்வுலகுக்கு இது அயலான செய்தியன்று. 1990களின் தமிழ்க் கோப்புகள் எழுத்துரு சார்ந்தவை. 256 இடங்களே கொண்ட அட்டவணையில் ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பப்படி அடுக்கியது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் பொதுக் குறியாக்கங்கள் வகுக்கப்பட்டன; விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழை ஏற்றது. அதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகளில் உருவான நூல்களும் ஆய்வேடுகளும் இதழ்களும், அவற்றின் எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலாகவே திறக்கின்றன.

குறியாக்க மாற்றிகள் இச்சிக்கலைப் பெருமளவு தீர்த்துள்ளன. ஆனால் முழுமையாக அன்று. பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன: கொம்பு முதலில், மெய்வடிவம் பின்னர். ஒளகாரக் குறியின் வலப்பகுதியும் ளகரமும் ஒரே வடிவாதலால் அவற்றுக்கு ஒரே இடமே போதும் எனப் பல எழுத்துருக்கள் கொண்டன. மாற்றியின் கையில் ‘பௌத்தம்’ என்பது ‘பெளத்தம்’ ஆகிவிடுவது இதனால்தான். அச்சில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். தேடலிலோ ஒன்று மற்றொன்றைத் தராது. மாற்றப்பட்ட தரவுத்தொகுதியில் பௌத்தம் பற்றிய சொல்லாட்சிகளை எண்ணும் ஆய்வாளர் ஒருவர், எண்ணிக்கை குறைந்ததை அறியாமலே முடிவுக்கு வந்துவிடலாம்.

பக்க அமைப்பு அடுத்த சிக்கல். அக்கால அச்சுப்பணியில் பரவலாக வழங்கிய பேஜ்மேக்கர் கோப்பில், வரி எங்கு முறியும், பக்கம் எங்கு முடியும் என்பது எழுத்துருவின் அகலத்தைப் பொறுத்தது. கோப்புக்கெனத் தேர்ந்த அச்சுப்பொறி மாறினாலும் பக்கங்கள் மறுபடி அடுக்கப்படும். ஒருங்குறிக்கு மாற்றிய உரையில் சொற்கள் இருக்கும். பக்க எண் இராது. பக்க எண்ணையே சான்றாகக் காட்டும் ஆய்வு மரபில் இது சிறிய இழப்பன்று. விண்டோஸ் 98, எழுத்துரு, பேஜ்மேக்கர், அச்சுப்பொறி இயக்கி ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த வட்டுப்படிமம் இவ்விழப்பைத் தவிர்க்கிறது. அப்படிமத்தை இயக்கக் கொள்கலன் மட்டும் போதாது என்பது மேலே கண்ட வரலாற்றால் விளங்கும். அதற்கு வேண்டுவது அக்காலக் கெர்னல். கெர்னலுக்கு வேண்டுவது இயந்திரம்.

மெய்நிகர் இயந்திரமும் குறையற்றதன்று. 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வேகமுடைய நுண்செயலியில் விண்டோஸ் 95 தொடங்கும்போதே பிழைச்செய்தியோடு நின்றுவிடுகிறது. நேரத்தை அளக்க அதன் பிணையப் பகுதி நடத்தும் ஒரு சுற்று மிக விரைவாக முடிந்துவிடுவதால், சுழியால் வகுக்க நேர்கிறது. மெய்நிகர் இயந்திரத்தில் நிரல் நேரே நுண்செயலியில் ஓடுவதால் அங்கும் இதே நிலை. நேரம் சமன்மைக்கு உட்பட்டதன்று என்ற 1974ஆம் ஆண்டு விதிவிலக்கு, இவ்வாறு ஓர் எளிய பயனரின் திரையில் வெளிப்படுகிறது. இங்கு வேகத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு கட்டளையையும் மெல்ல மொழிபெயர்க்கும் எமுலேட்டரே மேலானதாகிறது, அல்லது அப்பகுதிக்குத் திருத்தக்கோப்பு வேண்டும்.

உரிமச் சிக்கல் கடுமையானது. விற்பனை நின்றுபோன இயங்குதளத்தையும் அதன் உரிமையாளர் விட்டுக்கொடுத்தார் என்று கொள்வதற்கில்லை. நூலகம் ஒன்று அப்படிமத்தை வெளியாருக்கு வழங்குவதில் தயங்க நேர்கிறது. அதனினும் கடுமையானது வன்பூட்டு. அக்கால இந்திய மொழி மென்பொருள்கள் சில, கணினியின் அச்சுப்பொறித் துளையில் செருகிய சிறு பூட்டு இன்றி இயங்கமாட்டா. மெய்நிகர் இயந்திரத்துக்கு வெளிக்கணினியின் அத்துளையைத் திறந்துவிடலாம். ஆனால் இன்றைய மடிக்கணினிகளில் அத்துளையே இல்லை. யுஎஸ்பி மாற்றுக்கம்பிகளை அப்பூட்டுகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அத்தகைய இடங்களில், பூட்டோடு கூடிய அசல் கணினி இன்னும் உயிரோடு இருக்கும்போதே அதன் வட்டுக்கு முழுப்படிமம் எடுத்து, அக்கணினியிலிருந்தே ஒவ்வொரு நூலின் பக்கங்களையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளாக அச்சிட்டுச் சேர்த்து வைப்பதே எஞ்சும் வழி.